எட்டு எம்எம் கண்ணாடிக்கு நடுவே ஒரு நாதஸ்வரம்

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து கார் கதவைத் திறந்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வாசம். கையில் காகிதத்தில் சுற்றிய சூடான மிளகாய் பஜ்ஜி. இந்த உலகத்தில் என்னைவிடச் சுகமாக ஒருவன் இருக்க முடியாது என்று நினைத்த நேரம் அது.

பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் மச்சானின் இசைத்தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தேன். வைக்கும்போது அட்டை உறைக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது. இப்போது உறை, மூச்சை இழுத்துப் பிடித்த வயிறு மாதிரி உப்பியிருந்தது. உருவிப் பார்த்தேன். எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் மடங்குமே, அப்படி இருந்தது.

பஜ்ஜியை நான் சாப்பிடவில்லை. என் எழுபத்திரண்டு வயதில், சூடான பஜ்ஜியை வேண்டாம் என்று வைத்தது அந்த ஒரு நாள்தான்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய, தேர்வீதி ஜவுளிக்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்டிய கதையைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தோற்ற கதையே கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். கிடையாது. ஆனால் தோற்கப் பார்த்த கதை ஒன்று உண்டு. அது இதுதான்.

கண்ணாடிக்காரன் மறந்தது

கண்ணாடி வெயிலை உள்ளே விடும், வெளியே விடாது. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தென்காசியில் ஒரு படச் சட்டக் கடையில் கூட்டிப் பெருக்கப் போய், அங்கேயே கண்ணாடி வெட்டப் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, இன்று மூன்று மாடியில் நிற்கிறேன். நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி நாலு எம்எம்மா ஐந்து எம்எம்மா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த ஜில்லாவில் அப்படிச் சொல்கிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. தேடியதும் இல்லை.

வீடு கட்டுகிறவர்கள் வந்தால், "மேற்கே பார்த்த ஜன்னலுக்கு வெறும் கண்ணாடி போடாதீங்க, ரூம் அடுப்பாயிரும்" என்று நானே எச்சரித்து அனுப்புவேன். அப்படிப்பட்டவன், சாரல் விட்டுப் பளீரென்று வெயில் அடித்த வேளையில், காரின் பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு இசைத்தட்டை வைத்துவிட்டு, எண்ணெய்த் தேய்ப்புக்கும் குளியலுக்கும் இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறேன். ஆண்கள் வரிசை நீளமாக இருந்தது என் தப்பு இல்லை.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று வழியில் ஒருவர் சொன்னதால் வந்த வினை. தென்காசியில் மச்சான் வீட்டில் தட்டை வாங்கிக்கொண்டு நேராக மேலகரத்தில் என் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், மேலகரத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

படி வழுக்குது

மச்சான் என்றால் என் மனைவி பூரணத்தின் அண்ணன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். எங்களுக்குக் கல்யாணம் பேசும்போது லீவில் வந்திருந்தார். மீசையைத் தடவிக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"உடையுத சாமான் விக்கவனுக்கா எந் தங்கச்சியக் கொடுக்கப் போறீய?"

நான் விடவில்லை. "உடைஞ்சாத்தான மச்சான் மறுபடியும் கடைக்கு வருவாங்க" என்றேன். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்தது. ஆனால் மச்சான் அன்று சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

மூன்று மாடிக் கடை கட்டினேன். வந்தார். மேலே கீழே பார்த்தார். "படி வழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மகன் இன்ஜினியரிங் முடித்தான். "பரவால்ல, அவன் அம்மா மாதிரி" என்றார்.

அவரிடம் ஒரு இரும்புப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உண்டு. அதில் மேலாக இருப்பது ஒரு நாதஸ்வரத் தட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் போட்டுக் கேட்பார். அவர் மனைவி கோமதி அக்கா இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள். அக்கா தவறி மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தட்டை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. நானும் நாலைந்து தடவை அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்றால், அது பாடிக்கொண்டிருக்கும், நான் பேசிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் செங்கோட்டையில் ஒரு வீட்டில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று என் கைக்கு வந்தது. பெல்ட்டை மாற்றி, ஊசியை மாற்றி, நானே ஓட வைத்தேன். தென்காசியில் மகன் இரண்டாவது கடை திறக்கப் போகிறான் என்றதும், திறப்பு விழாவுக்குச் செல்போனில் மங்கள இசை போடுவதா, நான் இருக்கும்போதா என்று தோன்றியது. மச்சானிடம் தட்டைக் கேட்டேன்.

"உம்ம கையில கொடுக்கதுக்கு, நானே ஒடைச்சுப் போட்டுருவேன்" என்றார்.

பூரணம் போய்க் கேட்டாள். "அண்ணே, நான் பொறுப்பு. ஒரு கீறல் விழாம உங்க கையில திருப்பிக் கொடுப்பேன்."

தங்கச்சி சொல்லுக்கு இறங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். என் பிளேயரில் ஒரு தடவை போட்டுக் கேட்பார். திருப்தியாக இருந்தால் விழாவுக்கு. இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தட்டு வளைந்த அன்று செவ்வாய்க்கிழமை.

பூரணம் சொன்ன ஒரே வார்த்தை

வீட்டுக்கு வந்து உறையை மேஜை மேல் வைத்தேன். பூரணம் பார்த்தாள். தட்டை உருவினாள். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, மீன் வாங்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கன வச்சிய?"

"கார்ல."

"நீங்க எங்கன இருந்திய?"

நான் தலையைத் துவட்டிக்கொண்டே, "அருவியில நல்ல தண்ணி" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது. காபி வந்தது. பேச்சு வரவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைத் திட்டாத நாள் கிடையாது. அன்று திட்டாமல் இருந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. படுக்கப் போகும்முன் ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை."

ஆங்கிலம் கிண்ணமான கதை

சூட்டில் வளைந்ததைச் சூட்டில்தான் நிமிர்த்த வேண்டும். இது எனக்கே தெரிந்தது. எவ்வளவு சூடு என்பதுதான் தெரியாது. மச்சானின் தட்டில் சோதனை செய்ய முடியாது. வேறு தட்டு வேண்டும்.

என்னிடம் ஒன்று இருந்தது. கடை வைத்த புதிதில், பங்களாக்காரர்களும் பாதிரியார்களும் வந்து ஆங்கிலத்தில் அளவு சொல்வார்கள். அதற்காக, கேட்டே ஆங்கிலம் பழகும் தட்டு ஒன்றைத் திருநெல்வேலியில் வாங்கினேன். அப்போது என்னிடம் பிளேயர் கிடையாது. பிளேயர் வாங்கிவிட்டுப் பழகலாம் என்று வைத்தேன். அதற்குள் வந்தவர்கள் எல்லாரும் தமிழ் பழகிவிட்டார்கள். என்னிடம் கண்ணாடி வாங்க வேண்டுமென்றால் பழகித்தானே ஆக வேண்டும்.

அந்தத் தட்டை எடுத்து, புதன்கிழமை காலை, தோசைக்கல்லைக் காயவைத்து, ஈரத் துண்டை விரித்து, அதன் மேல் போட்டேன். மேலே இட்லிச் சட்டியை வைத்து அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. எடுத்துப் பார்த்தால், ஆங்கிலம் முழுவதும் ஓரம் எழும்பி, நடுவில் குழிந்து, அழகான கிண்ணமாகியிருந்தது.

பூரணம் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் அதில் முறுக்கைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே செல்போனை எடுத்து, "வளைஞ்ச இசைத்தட்ட நிமித்துவது எப்படி" என்று கேட்டேன். ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. கையில் செய்தது எல்லாம் புரிந்தது. தட்டைத் தூசி போகத் துடைத்தார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்தார். மின் அடுப்புப் பெட்டிக்குள் தள்ளி, இளஞ்சூட்டில் வைத்து, அப்படியே ஆற விட்டார்.

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி கிடையாது. ஆனால் இரண்டு கண்ணாடி என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏட்டி பூரணம், கண்ணாடி வித்தைட்டி இது. நம்ம கடை வித்தை."

அடுப்படியில் பாத்திரம் மட்டும் பதில் சொன்னது.

வெயில் எந்த ஊரில்

வியாழக்கிழமை கடையிலிருந்து எட்டு எம்எம் கண்ணாடியில் இரண்டு சதுரம் வெட்டி எடுத்து வந்தேன். ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். ஏன் எட்டு எம்எம் என்று கேட்டால், மெல்லிய கண்ணாடி பாரத்தில் தானே வளையும். தானே வளைகிறது எதை நிமிர்த்தும்? நடுவில் தட்டை வைத்து, மொட்டை மாடியில் வெயிலில் படுக்க வைத்தேன். இரண்டு கண்ணாடியும் சேர்ந்தே நல்ல கனம். வேறு பாரம் தேவையில்லை.

மேலகரத்து வெயிலை நம்பியதுதான் பிழை. சாரல் காலத்தில் எங்கள் ஊர் வானம் இரண்டு மணி நேரம் ஒரே முகமாக இருக்காது. கண்ணாடி நன்றாகச் சூடேறி, தட்டு இளகத் தொடங்கிய நேரத்தில், மலைப்பக்கமிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு சாரல் வந்தது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த துளி. டிக் என்று ஒரு சத்தம். மேல் கண்ணாடி மூலைக்கு மூலை கோடு விட்டது.

அது நான் வெட்டிய கண்ணாடியின் குற்றம் அல்ல. குற்றாலத்தின் குற்றம்.

தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் படிந்திருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான். மாடியில் நின்று கிழக்கே பார்த்தேன். இங்கே சாரல் அடிக்கும்போது, கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தரை காய்ந்து கிடக்கும். கீழப்பாவூரில் எனக்கு வாடிக்கையான ஒரு நெல் மில் உண்டு. அதன் களம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கண்ணாடி வெட்டி, தட்டை நடுவில் வைத்து, போர்வையில் சுற்றி, காரில் ஏற்றினேன். இந்தத் தடவை முன் சீட்டில், நிழலில், பெல்ட் போட்டு.

கீழப்பாவூரில் வெயில் என்றால் வெயில். களத்தில் அவித்த நெல் பரப்பியிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒரு மூலையில் சாக்கை விரித்து, கண்ணாடியைப் படுக்க வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குடை எனக்கு. தட்டுக்கு இல்லை.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என்னது, சக்கரத்தாழ்வாரா?"

நரசிம்மர் கோயில் இருக்கிற ஊர். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, கண்ணாடிக்குள் கறுப்பாக ஒன்று இருந்தால் அவள் வேறு என்ன நினைப்பாள்.

"நாதஸ்வரம்மா. உள்ள வித்வான் இருக்காரு" என்றேன்.

"இந்த வெயில்லயா போட்டு வச்சிருக்கிய? பாவம்." தலையிலிருந்த பூவில் ஒரு கிள்ளு கிள்ளிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

பூவை நான் எடுக்கவில்லை. எடுக்கிற நிலைமையிலும் நான் இல்லை.

கால் மணிக்கு ஒரு தடவை குனிந்து, கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்த்தேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தெரிந்த வெளிச்சம் மெதுவாக மெலிந்துகொண்டே வந்தது. உச்சி வெயில் தாண்டியபோது வெளிச்சமே இல்லை. பிறகு கண்ணாடியோடு அப்படியே தூக்கி நிழலில் வைத்து, நாலு மணி வரை ஆற விட்டேன். அவசரப்பட்டுப் பிரித்தால் மறுபடி எழும்பும். காத்திருக்கத் தெரியாதவன் கண்ணாடி வேலைக்கு வரக்கூடாது.

வீட்டுக்கு வந்து பிளேயரில் வைத்துச் சுற்ற விட்டேன். மேஜை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். தட்டு சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஊசி வைத்துக் கேட்கவில்லை. என் கண் சொன்ன பிறகு காது எதற்கு?

பூரணம் வந்து பார்த்தாள். "நேராத்தான் இருக்கு" என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு வந்த பேச்சு. எனக்குப் பத்மபூஷண் கொடுத்த மாதிரி இருந்தது.

டம்ளர் நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மச்சான் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பிளேயருக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். பூரணத்திடம், "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாட்டி" என்றார்.

நான் ஊசியை வைத்தேன். கொஞ்சம் கரகரப்பு. பிறகு நாதஸ்வரம் எழும்பியது. சும்மா சொல்லக்கூடாது, வித்வான் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். நூல் பிடித்த மாதிரி ஒரே இழுப்பு.

மச்சான் டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. பிளேயரைப் பார்த்து நீட்டினார்.

அவர் வீட்டிலும் அவர் அப்படி நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டாளத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இந்தத் தடவை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நாதஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது. டம்ளர் அந்தரத்தில் இருந்தது. தண்ணீர் லேசாக ஆடியது.

"நிறுத்தும் வே" என்றார்.

நிறுத்தினேன்.

"இது எந் தட்டு இல்ல."

"உங்க தட்டுதான் மச்சான். உறையில உங்க கையெழுத்து இருக்கு பாருங்க."

எழுந்து வந்து தட்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். ஒரு சுற்று முழுவதும் தடவி, மறுபடி ஒரு சுற்றுத் தடவினார்.

"இங்கன ஒரு மேடு இருந்துச்சு. எங்க?"

நான் ஒன்றும் பேசவில்லை. வாசகர்கள் இந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பூரணம்தான் சொன்னாள். அருவி, கார், வெயில், தோசைக்கல், கீழப்பாவூர் வரை ஒன்று விடாமல் சொன்னாள். "நாந்தான் பொறுப்புன்னு வாங்குனேன் அண்ணே" என்று முடித்தாள்.

மச்சான் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நான் தயாராக நின்றேன்.

"கல்யாணமான புதுசுல கோமதி இந்தத் தட்டு மேல சூடான பால் செம்ப வச்சுட்டா. ஓரத்துல ஒரு இடம் மேடாப் போச்சு. ரெண்டு நாளு கத்துனேன். அதுக்கப்புறம் போட்டா, மொதல்ல கொஞ்ச நேரம், ஒரு சுத்துக்கு ஒரு தடவ சத்தம் கொழையும். அவ சொன்னா, வித்வான் மாடிப்படி ஏறி வந்திருக்காரு, மூச்சு வாங்குதாரு, ஒரு வா தண்ணி கொடுங்கன்னா. சிரிச்சுட்டேன். உள்ள போகப் போகச் சத்தம் நேராயிரும். பாத்தியளா, தண்ணி குடிச்சதும் தெளிஞ்சுட்டாரும்பா. கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே பேச்சுதான்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப அவரு மூச்சே வாங்கல வே. நீரு பாட்டுக்கு நிமித்திட்டீரு."

நான் செய்த ஒரு வேலை சுத்தமாக இருக்கிறது என்று மச்சான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை இப்படியா கேட்க வேண்டும்?

பால் செம்பு

விழாவுக்கு அந்தத் தட்டைத்தான் போட்டோம். "ஊருக்கு நல்ல வித்வானா இருக்கட்டும். அதுக்கப்புறம் எனக்குப் பழசு வேணும்" என்று மச்சானே சொல்லிவிட்டார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் மேளக்காரரைத் தேடிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஒரு பித்தளைச் செம்போடு வந்தார். அதே செம்பு. பூரணம் பாலைக் காய்ச்சி அதில் ஊற்றினாள். அவர் கட்டை விரல் காட்டிய இடத்தில் செம்பை வைத்தேன். எண்ணி எடுத்தேன். ஆற விட்டுப் போட்டோம். மச்சான் டம்ளரை நீட்டினார். வித்வான் மூச்சு வாங்கவில்லை.

"ஒரு வேலையும் உருப்படியாத் தெரியல உமக்கு. அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அந்தப் பாலிலேயே பூரணம் காபி போட்டாள். மூன்று பேரும் குடித்தோம். கோமதி அக்கா செய்த சேட்டைகளை அண்ணனும் தங்கச்சியும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இருட்டும் வரை இருந்துவிட்டு, தட்டை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இப்படி இது பதினோராவது வாரம். ஒரு வாரம் சூடு குறைவு, ஒரு வாரம் இடம் தப்பு, ஒரு வாரம் மேடு அதிகமாகி வித்வான் விக்கவே ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டு மச்சான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நகத்தால் தட்டிக் கண்ணாடியின் கனம் சொல்கிறவனுக்கு ஒரு மேடு வைக்கத் தெரியாதா என்று நீங்கள் நினைக்கலாம். நாலாவது வாரமே எனக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை எங்கள் வீட்டுச் செம்பை வைத்து, தனியாக இருந்து செய்து பார்த்தேன். ஊசி வைத்துக் கேட்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி, அளவாக மூச்சு வாங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை நானே நீட்டினேன்.

பிறகு தட்டைத் துடைத்து, எட்டு எம்எம் கண்ணாடிக்கு நடுவே வைத்து, கீழப்பாவூருக்குக் கொண்டுபோய் மறுபடி நிமிர்த்திவிட்டேன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மச்சான் இந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை. நான் எழுதுகிறேன் என்பதுதான் காரணம். ஆனால் பூரணம் வேறு சொல்கிறாள். "எங்க அண்ணன் ஒரு வாரம் விடாம வாசிக்காரு. வாசிச்சுட்டுத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருதாரு."

அப்படியென்றால் இதையும் வாசிப்பார். வாசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை செம்போடு வருகிறாரா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.